பூட்டிய தகரத்தோடு தூத்துக்குடிக்கு

கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிறவர்கள் வியாபாரத்துக்குப் போவார்கள், கலியாணத்துக்குப் போவார்கள், திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டு போவார்கள். நான் என் மகனைத் தேடிப் போனேன். திரும்பி வந்து ஒரு மாதமாகிறது. இதை எழுதும்போதும் ஒரு வரியை எழுதி இரண்டு வரியை அடிக்கிறேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "அப்போ எழுதாமல் இருங்கோவன்" என்கிறாள். எழுதாமல் இருந்தாலும் மனதுக்குள் எழுதி அடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மகன் பெயர் ராசன். வயது இருபது. உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் கொட்டாஞ்சேனையில் ஒரு வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்தான். தோணியில் போகும் சரக்குக்குத் துணையாகத் தூத்துக்குடி போய் வருவது அவன் வேலை. தோணி என்றால் குளத்தில் விடும் தோணி இல்லை. மூன்று பாய்மரம் வைத்த பெரிய மரக்கலம். காற்று ஒத்துழைத்தால் ஓரிரு நாளில் போய்விடும். அன்று ஒரே விடியலில் இரண்டு தோணிகள் புறப்பட்டன. ஒரு கிழமைக்கு மேலாகியும் இரண்டும் போய்ச் சேரவில்லை. "கச்சான் காற்று கொஞ்சம் பலமாக இருக்கு. பயப்பட ஒன்றுமில்லை மாஸ்டர்" என்றார் வியாபாரி. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அதனால்தான் புறப்பட்டேன்.

என் மனைவி அழுதுகொண்டே பலகாரம் சுட்டாள். பங்கீட்டுச் சீனி தீர்ந்துபோயிருந்தது. பக்கத்து வீடுகளில் கொடுத்த சீனியையும் பனங்கட்டியையும் சேர்த்து அரியதரம், பயற்றம் பணியாரம், எள்ளுருண்டை என்று ஒரு பெரிய பிஸ்கட் தகரம் நிறைத்தாள். "பிள்ளை பசியோட கரையேறுவான்" என்றாள். நான் தகரத்துக்குக் கொண்டி அடித்துப் பூட்டுப் போட்டேன். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன்.

பாடசாலையில் நான் சைவ சமய பாடம் நடத்துகிறவன். எல்லா உயிருக்கும் இறைவன் படியளக்கிறான் என்று வருஷாவருஷம் நான்காம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அரிசிப் பானையைத் திறந்து பார்க்கிறேன். இறைவனில் நம்பிக்கை இல்லாமல் அல்ல. அவருக்கும் வேலை அதிகம் என்ற அனுதாபத்தால்.

தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. கடல் ஆழமில்லை என்பதால் வெகு தூரத்தில் நிற்கும். அங்கிருந்து படகில் இறங்கிப் போகவேண்டும். கொழும்பில் கப்பலுக்குப் பக்கத்திலேயே ரிக்ஷா நிற்கும் என்று மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டே ஏணியில் இறங்கினேன். படகு மேலே வந்தது, கீழே போனது. மேலே வரும்போது நான் காலை எடுத்தேன், கீழே போகும்போது வைத்தேன்.

"ஏலே, சிலோன்காரரத் தாங்கிப் பிடி. கையில இருக்க தகரத்தப் போடச் சொல்லு" என்றான் படகுக்காரன் ஒருவன்.

"விட மாட்டுக்காரே."

"அப்ப தகரத்தப் பிடி. அவரு தானா வருவாரு."

அப்படியேதான் வந்தேன்.

தோணியின் தலைவரைத் தண்டல் என்கிறார்கள். ராசன் போன தோணியின் தண்டல் சவேரி என்பவர். மாதா கோயிலுக்குப் பின்னால் கடற்கரைத் தெருவில் அவர் வீடு. வீட்டில் அவர் மனைவி பிரகாசியம்மாள் வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். நான் யாரென்று சொன்னதும் எழுந்து, "ராசன் அப்பாவா? ஒங்க மொவன் போன தடவ எங்க வீட்டுலதான் சாப்பிட்டான். குழம்புல மீனத் தள்ளி வச்சிட்டுச் சாறு மட்டும் ஊத்திக்கிட்டான்" என்றாள்.

நான் அதிர்ந்துபோனேன். நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சைவம். மகன் கரையேறியதும் சாற்றைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம் என்று தீர்மானித்தேன்.

அவள் வீட்டில் ரேசன் அரிசி கொஞ்சம்தான் இருந்தது. அதில் கஞ்சி வைத்தாள். எனக்கு ஊற்றினாள். பிறகு ஒரு சட்டியில் பாதியை ஊற்றி இரண்டு வீடு தள்ளிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அங்கே லூர்தம்மாள் என்றொரு பெண். அவள் புருஷன் மற்றத் தோணியில் போனவன். "அவ அடுப்புப் பத்த வைக்கவே மாட்டுக்கா. நாம வச்சாத்தான் உண்டு" என்றாள்.

நான் மனக்கணக்கில் கெட்டிக்காரன். முறத்திலிருந்த அரிசியைப் பார்த்தேன். "இப்படிக் கொடுத்தால் உங்களுக்கு எத்தனை நாளைக்குக் காணும்?" என்று கேட்டேன்.

"இருக்க வரைக்கும் இருக்கும்."

"பிறகு?"

"பொறவு மாதா பாத்துக்கிடுவா." என்னையும் என் தகரத்தையும் ஒருமுறை பார்த்தாள். "அவளுக்குக் கை ஒழியலன்னா நீங்க பாருங்க வாத்தியாரே."

தகரத்தைக் காலுக்குப் பின்னால் நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததிலிருந்து துறைமுகத்தில் நின்றேன். கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பதால் தோணி சீக்கிரம் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பார்க்காமல் போனால் வராமலே இருந்துவிடுமோ என்று பயம். மத்தியானம் பசித்தது. ஒரு ரொட்டிக் கடையில் மக்ரூன் என்று ஒன்று விற்றார்கள். முட்டையும் முந்திரியும் போட்டது என்றார்கள். முட்டை என்றதும் விலகிவந்து, கருப்பட்டிக் காப்பி குடித்தேன். எங்கள் ஊர் பனங்கட்டியைவிடக் கறுப்பு, அதைவிட வாசனை. எங்கள் ஊரில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் கோப்பியைக் குடிப்போம். இங்கே அதைக் கரைத்துவிடுகிறார்கள். எது சரி என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் குடித்துக்கொண்டிருந்த ஒரு மூட்டை சுமப்பவர், "பெரியதாழைக்குத் தெக்க பாய்மரம் இல்லாம ஒரு தோணி போச்சாம். எம் மச்சினன் பாத்தானாம்" என்றார். யாரிடமோ சொன்னார். நான் அவர் கையைப் பிடித்தேன். காப்பி அவர் வேட்டியில் கொட்டியது.

"என்னய்யா நீரு" என்றார். பிறகு விஷயத்தைக் கேட்டுவிட்டு, "போயிப் பாத்துட்டு வாரும். கரி பஸ் இருக்கு" என்று தன் வேட்டியைத் துடைத்துக்கொண்டார்.

கரி பஸ் என்பது பெட்ரோல் தட்டுப்பாட்டில் பிறந்த பிராணி. பின்புறம் ஒரு உருளை அடுப்பு. அதில் கரியைப் போட்டு ஒருவன் துருத்திச் சக்கரத்தைச் சுற்ற, அந்தப் புகையில் வண்டி ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வது மரியாதைக்காக. மேட்டில் நாங்கள் எல்லோரும் இறங்கி நடந்தோம். வண்டி எங்களைவிட மெதுவாக வந்தது. ஆறுமுகநேரி உப்பளங்களுக்கு நடுவே அது நின்றேவிட்டது. இருபுறமும் வெள்ளை உப்பு குவியல் குவியலாக, கண் கூசியது. நிழலுக்கு பஸ் மட்டுமே.

சாரதி அடுப்பைத் திறந்து பார்த்து, "வெந்து முடியப் பொறுக்கணும்" என்றார். சோறு வேகிற மாதிரிச் சொன்னார். உடனே எல்லோரும் பஸ் நிழலில் உட்கார்ந்து மூட்டைகளை அவிழ்த்தார்கள். ஒருவரிடம் பனங்கிழங்கு. காயல்பட்டினத்து முதியவர் ஒருவரிடம் அரிசி மாவு ரொட்டி. உப்பளத்துக்குப் போகும் ஒரு பெண்ணிடம் தூக்குப்பாத்திரத்தில் கேப்பைக் கூழ். யாருடையது யாருக்கு என்றில்லாமல் கை மாறின. நான் தகரத்தின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணாச்சி, நீங்க சாப்பிடலியா?" என்றாள் கூழ்க்காரி.

"சாப்பிட்டாச்சு" என்றேன். அந்த நேரம் பார்த்து என் வயிறு ஒரு சத்தம் போட்டது. அவள் சிரட்டையில் ஊற்றித் தந்தாள். குடித்தேன். காயல்பட்டினத்தார் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் மடியில் வைத்தார். "அந்தத் தகரத்துல என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"புத்தகம்."

அவர் தலையாட்டினார். சற்று நேரத்துக்குப் பின் குனிந்து பார்த்து, "ஒங்க புத்தகத்த எறும்பு படிக்குது போல" என்றார்.

மணலிலிருந்து ஒரு எறும்பு வரிசை தகரத்தின் மூடிவரை போயிருந்தது. பஸ் நிழலே சிரித்தது. எழுந்து தட்டினேன். திறக்கவில்லை. நான் கஞ்சனில்லை என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது? அந்தத் தகரம் ராசனுக்கு. அவன் கரையேறி வந்து திறப்பான். வேறு யாருக்காவது திறந்துவிட்டால் அவன் வரமாட்டான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. படித்த மனிதன் சொல்லக்கூடிய காரணமா இது? அதனால் கஞ்சன் என்ற பெயரையே வைத்துக்கொண்டேன்.

அன்றிரவு திருச்செந்தூர் சத்திரத்தில் படுத்தேன். முன்னதாகக் கோயிலில் முருகனிடம் பேச்சுவார்த்தை நடந்தது. மொட்டை என்றேன். பிறகு காவடி என்றேன். பிறகு, என் உடம்பு காவடி தாங்குமா என்று யோசித்து, ராசனே எடுப்பான் என்று திருத்தினேன். கொடுக்கிறவனிடம் போய் விலை பேசியது சந்நிதியை விட்டு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

விடிந்ததும் மாட்டு வண்டி. செம்மணல் தேரிக்குள் சக்கரம் அச்சுவரை புதைந்தது. வண்டிக்காரர் இறங்கித் தள்ளினார், நானும் தள்ளினேன். மாடு மட்டும் நின்று யோசித்தது. பெரியதாழைக் கரையை அடைந்தபோது ஆண்களும் பெண்களுமாக இரண்டு வரிசை கரைவலை இழுத்துக்கொண்டிருந்தது. வலையைப் படகில் கொண்டுபோய் வளைத்துப் போட்டுவிட்டு, இரு முனைக் கயிற்றையும் கரையிலிருந்து இழுக்கிறார்கள். இழுத்தபடியே பின்னோக்கி நடக்கிறார்கள். நான் கூடவே ஓடினேன்.

"தோணி ஒன்று கண்டனீங்களோ? பாய்மரம் இல்லாமல்? என்ர மகன் வந்த தோணி."

"என்ன சொல்லுதாரு?" என்றாள் ஒருத்தி.

"கண்டனீங்களோன்னு கேக்காரு. பாட்டு மாதிரில்லா இருக்கு" என்றான் அவளுக்கு முன்னால் நின்றவன்.

வலைக்காரர் நரைத்த மீசைக்காரர். என்னைத் திரும்பியும் பார்க்காமல், "நின்னு பேச நேரம் இல்ல. பேசணும்னா கயித்தப் பிடிச்சுக்கிட்டுப் பேசும்" என்றார்.

பிடித்தேன். ஒரு கையில் தகரம், ஒரு கையில் கயிறு. "தகரத்தக் கீழ வையும். மணலுக்குப் பல்லு கெடையாது" என்றார்கள். வைத்தேன். இரண்டு கையாலும் இழுத்தேன். சுண்ணக்கட்டி பிடித்த கை. கொஞ்ச நேரத்தில் தோல் உரிந்தது. எனக்கு முன்னால் ஒரு கர்ப்பிணிப் பெண் என்னைவிட நன்றாக இழுத்தாள்.

இழுத்துக்கொண்டே பதில் கிடைத்தது. பாய்மரமில்லாமல் போனது ஒரு பழைய தோணியின் வெறும் கூடாம். உடைத்து விறகாக்க யாரோ கட்டி இழுத்துப் போனார்களாம். அதில் ஆளே இல்லை.

கயிற்றை விட்டுவிடலாம் என்று தோன்றியது. ஆனால் பின்னாலிருந்தவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். நானும் நடந்தேன்.

வலை கரைக்கு வந்தது. அத்தனை பேர் இழுத்ததற்கு மிகக் கொஞ்சம் மீன். சாளை மீன், அதுவும் பொடி. யாரும் முகம் சுளிக்கவில்லை. கோயிலுக்கு ஒரு பங்கை முதலில் ஒதுக்கினார்கள். பக்கத்தில் இன்னொரு சிறு குவியலை ஒதுக்கினார்கள். பிறகு ஆளுக்கு ஒரு கையளவு. என் காலடியிலும் ஒன்று விழுந்தது.

"எனக்கு வேண்டாம். நான் சைவம்."

"நீரு சைவமா இருந்துக்கிடும். பங்கு பங்குதான்" என்றார் வலைக்காரர். "கயித்தப் பிடிச்சவருக்கு இல்லன்னு சொன்னா நாளைக்கு வலையில என்ன விழும்?"

"நான் சும்மா கதைக்கத்தான் பிடித்தேன்."

"கடலுக்கு அது தெரியுமா?"

அந்தக் கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கொடுங்கள் என்றேன். அவள் நிமிர்ந்து, "நீங்க மொதல்ல வாங்குங்க. வாங்குன பொறவு யாருக்கும் குடுங்க. வாங்காம எப்படிக் குடுப்பீங்க?" என்றாள்.

இதற்குள் வலைக்காரர் மற்றக் குவியலையும் இரு கையால் அள்ளி என் முன்னால் போட்டார். "இதுவும் ஒம்மளுக்குத்தான்."

"இது யாருடைய பங்கு?"

"கடலுக்குப் போயி வராத ஆளு வீட்டுக்கு. எங்க ஊர்ல இன்னைக்கு எல்லாரும் வந்துட்டாவ. நீருதான் இருக்கீரு."

இத்தனை நாளும் என்னிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. வியாபாரி காற்று என்றார். பிரகாசியம்மாள் மாதா என்றாள். நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. முன்பின் தெரியாத மனிதர் சொல்லிவிட்டு, சொன்ன வாயோடு சாப்பாட்டையும் என் முன்னால் வைத்தார். நான் மணலில் உட்கார்ந்து அழுதேன்.

"ஏன் அழுதாரு?"

"மீனக் கண்டு பயந்துட்டாரு போல."

அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்தது. எழுந்து போய்த் தகரத்தை எடுத்துவந்தேன். சாவி அரைஞாணில். சட்டையைத் தூக்கி, வேட்டிக்குள் கைவிட்டு, நான் தேடிய தேடலில் பெண்கள் எல்லோரும் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். ஒருவழியாகத் திறந்தேன். என் மனைவியின் பலகாரத்தை ஆளுக்குக் கையளவு கொடுத்தேன். கொடுக்கக் கொடுக்க உள்ளே ஒரு குரல், போதும், மூடு, பிள்ளைக்கு என்ன வைக்கிறாய் என்றது. மீன் இரண்டு பங்கையும் கர்ப்பிணிப் பெண்ணின் ஓலைப் பெட்டியில் போட்டேன். "உள்ள வெல்லமா, கருப்பட்டியா?" என்று அரியதரத்தைக் கடித்தபடி கேட்டாள். பனங்கட்டி என்றேன். "கொஞ்சம் கூட வேகணும்" என்றாள். இதை என் மனைவியிடம் இன்றுவரை சொல்லவில்லை.

முழுவதையும் கொடுத்துவிட்டேன் என்று எழுத ஆசை. இல்லை. நாலைந்து பயற்றம் பணியாரத்தைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

மறுநாள் கரி பஸ் தூத்துக்குடி வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கடற்கரைத் தெரு முனையிலேயே ஒருத்தி, "வாத்தியாரே, ஓடுங்க" என்றாள். எதற்கு என்று கேட்கப் பயந்து ஓடினேன்.

பிரகாசியம்மாள் வீட்டுக் கூடத்தில் ராசன் வெறுந்தரையில் உறங்கிக்கொண்டிருந்தான். முகம் வெயிலில் கறுத்து உரிந்து, உதடு வெடித்து, இன்னொருவர் சட்டை போட்டிருந்தான். மூச்சு வருகிறதா என்று மூக்கில் கை வைத்தேன். விழித்துக்கொண்டான். "அப்பா, மூச்சு முட்டுது" என்றான்.

பாய்மரம் முறிந்து பல நாள் அலைந்திருக்கிறார்கள். தண்ணீர் தீர்ந்த பிறகு எங்கிருந்தோ ஒரு வள்ளம் வந்தது. அதிலிருந்த மீனவர்கள் தங்கள் தண்ணீரையும் சோற்றையும் அப்படியே தூக்கித் தந்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்தத் தெம்பில் மிஞ்சிய பாயைக் கட்டி ஏற்றி, அன்று காலைதான் கரை சேர்ந்தார்களாம்.

"எந்த ஊர் ஆட்கள்? பேர் என்ன? நான் போய்ப் பார்க்கவேணும்" என்றேன்.

"கேட்டேன் அப்பா. காற்றில கேட்கேல்லை."

சுவரில் சாய்ந்திருந்த சவேரி தண்டல் கண்ணைத் திறக்காமல், "நம்ம ஊரு இல்ல. அதுதான் தெரியும்" என்றார்.

கைக்குட்டையை எடுத்து அவிழ்த்தேன். பணியாரம் முழுக்க மாவாகியிருந்தது. ராசன் அதை உள்ளங்கையில் கொட்டி நக்கித் தின்றான். "அம்மா இவ்வளவுதான் தந்து விட்டவவோ?" என்று கேட்டான். நான் கூரையைப் பார்த்தேன்.

அன்று அந்த வீட்டில் சோறு பொங்கியது. தெருவில் யார் யாரோ அரிசி கொண்டுவந்தார்கள். பிரகாசியம்மாள் முதல் சோற்றை ஒரு சட்டியில் போட்டு என் கையில் தந்தாள். "எனக்குக் கையில வேல இருக்கு. லூர்து வீட்டுல குடுத்துட்டு வாங்க."

அவள் புருஷனின் தோணி வரவில்லை. இதை எழுதும் இன்றுவரை வரவில்லை.

நான் பல காரணங்கள் சொன்னேன். களைப்பு, எனக்கு வீடு தெரியாது. இரண்டு வீடு தள்ளி என்பது ஊருக்கே தெரியும். சட்டியை ஏந்திக்கொண்டு போய் நின்றேன். லூர்தம்மாள் கதவைத் திறந்தாள். சின்ன வயது. என்ன சொல்வது என்று தெரியாமல் சட்டியை நீட்டினேன்.

"ஒங்க மொவன் வந்துட்டானாம்லா" என்றாள்.

"ஓம்."

"நல்லா இருக்கானா?"

"ஓம்."

தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அடுப்படி எனக்குத் தெரிந்தது. சாம்பல்கூட இல்லை. சோற்றைத் தன் பானையில் கொட்டி, சட்டியைக் கழுவித் துடைத்தாள். பிறகு அதைப் பிடித்தபடி சுற்றிலும் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள். உறியைப் பார்த்தாள். கடைசியில் கொடியில் தொங்கிய கருவாடு இரண்டை உருவிச் சட்டிக்குள் வைத்தாள்.

"வெறுஞ்சட்டியாக் குடுத்து விடக் கூடாது" என்றாள்.

நான் சைவம் என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். தெருவில் இறங்கியதும் பூனை இரண்டு பின்னால் வந்தன. சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன்.